ஊசி போடும் அறையில் காற்றுக்கு யார் காவல்?

புதன்கிழமை காலை பத்து மணி. ஆரம்ப சுகாதார நிலையத்தின் தடுப்பூசி அறை வாசலில் செருப்புகள் குவிந்து கிடக்கின்றன. உள்ளே மேஜை மேல் வாக்சின் கேரியர், ஊசி முனையை வெட்டும் ஹப் கட்டர், தடித்த பதிவேடு. ஒன்றரை மாதக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு தாய் ஸ்டூலில் உட்காருகிறார். "காலை நல்லா புடிச்சுக்கம்மா, திமிற விட்டுடாத" என்கிறார் கிராம சுகாதாரச் செவிலியர்.

முதலில் வாய்வழியாக ரோட்டா சொட்டும் போலியோ சொட்டும். பிறகு வலது மேற்கையில் தோலுக்குள் போலியோ ஊசி, வலது தொடையில் நிமோனியா தடுப்பூசி, இடது தொடையில் பென்டா. மூன்றாவது ஊசி இறங்கும்போது குழந்தை முகம் சிவந்து, மூச்சை இழுத்துப் பிடித்து, வீறிட்டு அழுகிறது. அந்த வாய்க்கும் செவிலியரின் முகத்துக்கும் நடுவில் ஒரு சாண்தான் இடைவெளி. "காய்ச்சல் வருமா சிஸ்டர்?" என்று குனிந்து கேட்கிறார் தாய். பதில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த குழந்தை வந்துவிடுகிறது. சுவருக்கு அந்தப்புறம் வெளிநோயாளிகள் வரிசையில் யாரோ விடாமல் இருமிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 2.6 கோடிக் குழந்தைகள் பிறக்கிறார்கள். ஒவ்வொரு குழந்தையும் இப்படி ஒரு மேஜைக்கு முன்னால் பலமுறை வந்துபோக வேண்டும். கொரோனா காலத்தில் இந்த மேஜைக்கு முன்னால் பிளாஸ்டிக் திரை தொங்கியது. செவிலியருக்கு முகக்கவசம், முகத்தடுப்பு, கையுறை எல்லாம் வந்தன. பெருந்தொற்று ஓய்ந்ததும் அவை ஒவ்வொன்றாக மறைந்தன. மழைக்காலக் காய்ச்சல் பரவும் ஒவ்வொரு முறையும் அதே கேள்வி திரும்புகிறது. ஊசி போடுபவரையும் போட்டுக்கொள்பவரையும் காற்றில் வரும் கிருமியிடமிருந்து எது காப்பாற்றும்? திரையா, கவசமா, வேறு ஏதாவதா?

ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் காத்திருந்த கிருமி

1981. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டிகால்ப் என்ற பகுதி. குழந்தைகள் கிளினிக் ஒன்றுக்கு 12 வயதுச் சிறுவன் வந்தான். உடலெங்கும் தட்டம்மைத் தடிப்பு எழுந்து இரண்டாவது நாள். கடுமையான இருமல். ஒரு மணி நேரம் இருந்தான், பெரும்பாலும் ஒரே பரிசோதனை அறைக்குள். பிறகு போய்விட்டான்.

அந்த ஒரு மணி நேரத்தால் 7 குழந்தைகளுக்குத் தட்டம்மை வந்தது. அவர்களில் நால்வர், சிறுவன் காத்திருப்பு அறையைக் கடந்தபோது அங்கே இருந்தவர்கள். அந்த நால்வரிலும் ஒரு மீட்டருக்குள் நேருக்கு நேர் வந்தது ஒரே ஒரு குழந்தை. ஏழு பேரில் மீதி மூவர் அவன் இருந்த அறைக்குள் காலே வைக்கவில்லை. அதில் ஒரு குழந்தை கிளினிக்குக்குள் நுழைந்ததே, சிறுவன் வெளியேறி ஒரு மணி நேரம் கழித்துத்தான். காற்று எங்கே போகிறது என்று ஆராய்ந்தபோது, பரிசோதனை அறையிலிருந்து கிளம்பிய நுண்துகள்கள் கிளினிக் முழுவதும் பரவியது தெரிந்தது. முன்னறையில் போட்ட சாம்பிராணிப் புகை சமையலறை வரை எட்டுவதுபோல.

அதே கிளினிக்கில் இன்னொரு கணக்கும் எடுத்தார்கள். தடுப்பூசி போடாத கைக்குழந்தைகள் 5 பேரில் 4 பேருக்கு நோய் தொற்றியது. தடுப்பூசி போட்டிருந்த 27 பேரில் 2 பேருக்கு மட்டும். ஆக, நோயைத் தடுக்கும் மருந்து கிடைக்கிற இடமே, அந்த மருந்துக்கு இன்னும் வயது வராத குழந்தைக்கு ஆபத்தான இடமாகவும் ஆகிவிடலாம். நம் நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா முதல் ஊசி 9 மாதம் முடிந்த பிறகுதான். ஒன்றரை மாதம், இரண்டரை மாதம், மூன்றரை மாதம் என்று மூன்று முறை அந்த அறைக்கு வரும் குழந்தைக்கு, தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்புச் சக்தி மெல்லக் குறைந்துகொண்டே வருகிறது. தட்டம்மைக் கிருமியோ, நோயாளி போன பிறகும் 2 மணி நேரம் வரை காற்றில் உயிரோடு இருக்கக்கூடியது.

┌ பெட்டிச் செய்தி: கினிப் பன்றிகள் சொன்ன சாட்சி
காசநோய் காற்றில் பரவுகிறது என்பது ஊகமாக இருந்த காலம். 1950-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ரிச்சர்ட் ரைலி, வில்லியம் வெல்ஸ் குழுவினர் 6 படுக்கைகள் கொண்ட காசநோய் வார்டின் காற்றை முழுவதுமாகக் குழாய் வழியே மேல்தளத்துக்குக் கொண்டுபோய், அங்கே கூண்டுகளில் இருந்த கினிப் பன்றிகளைச் சுவாசிக்க வைத்தார்கள். நோயாளியை ஒருமுறைகூடப் பார்க்காத விலங்குகளுக்கு நோய் வந்தது. குழாயில் புற ஊதா ஒளியைப் பாய்ச்சி அனுப்பிய காற்றைச் சுவாசித்த விலங்குகளுக்கு வரவில்லை. └

திரை எதை மறைக்கிறது?

கொரோனா காலத்தின் கண்ணாடிக் கூண்டுகள் நினைவிருக்கும். 2020 மார்ச்சில் தென்கொரியாவின் சியோல் நகர மருத்துவமனை ஒன்று தொலைபேசிக் கூண்டு போன்ற சாவடிகளை வைத்துச் சளி மாதிரி எடுத்தது. அடுத்த மாதமே கேரளத்தின் களமசேரியில், எர்ணாகுளம் அரசு மருத்துவக் கல்லூரியில் 'விஸ்க்' என்ற சாவடி வந்தது. கண்ணாடியில் இரண்டு துளைகள், அவற்றில் பொருத்திய நீளக் கையுறைகள். உள்ளே நின்று கையை நீட்டினால் போதும். தமிழ்நாட்டிலும் இத்தகைய சாவடிகள் பல மருத்துவமனைகளில் முளைத்தன.

மாதிரி எடுப்பதற்கு அது நல்ல ஏற்பாடு. வந்திருப்பவர் நோயாளியாக இருக்க வாய்ப்பு அதிகம். அவர் முகக்கவசத்தைக் கழற்றியே ஆகவேண்டும். மூக்கின் ஆழத்தில் குச்சி போகும்போது தும்மல் வராமல் இருக்காது. தடுப்பூசி மேஜையில் நிலைமையே வேறு. வருகிறவர் பெரும்பாலும் நலமாக இருப்பவர். கவசத்தைக் கழற்றாமலே தோளைக் காட்டலாம். ஊசி போடுபவரோ தசையைப் பிடிக்க வேண்டும், குழந்தையின் தொடையை அழுத்த வேண்டும், தோலுக்குள் போடும் ஊசியில் சிறு கொப்புளம் எழுகிறதா என்று விரல் நுனியால் உணர வேண்டும். தடித்த ரப்பர் கையுறைக்குள் இருந்து அதைச் செய்யச் சொல்வது செவிலியருக்குச் செய்யும் அநியாயம்.

மேஜைக்கு முன்னால் தொங்கும் பிளாஸ்டிக் தாளும் அக்ரிலிக் பலகையும் என்ன செய்கின்றன? நேராகப் பாய்ந்து வரும் எச்சில் துளிகளைத் தடுக்கின்றன. தும்மலுக்கு எதிரே அது பயன்தான். ஆனால் மூச்சோடும் பேச்சோடும் அழுகையோடும் வெளிவரும் மிக நுண்ணிய துகள்கள் பலகையின் ஓரங்களைச் சுற்றிக்கொண்டு வந்துவிடும். தவறான இடத்தில் வைத்தால், ஓடிக்கொண்டிருந்த காற்றை மறித்து ஒரு மூலையில் தேக்கியும் விடும். 2021-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு, அமெரிக்கப் பள்ளிகள் எடுத்த பல நடவடிக்கைகளை மாணவர்களின் வீடுகளில் தொற்று வந்ததோடு ஒப்பிட்டுப் பார்த்தது. பெரும்பாலான நடவடிக்கைகளால் அபாயம் குறைந்தது. மேஜைத் தடுப்புப் பலகை வைத்த இடங்களில் குறையவில்லை, சற்றுக் கூடுதலாகவே தெரிந்தது. பலகைதான் காரணம் என்று அந்த ஆய்வை வைத்து முடிவுகட்ட முடியாது. பலகையை நம்பி ஜன்னலை மூடுவது தவறு என்று சொல்ல அது போதும்.

எளிதில் வாங்கலாம், படம் எடுக்கலாம், கணக்கில் காட்டலாம் என்பதால் திரை எல்லா இடங்களிலும் வந்தது. காற்றோட்டம் கண்ணுக்குத் தெரியாது. அதற்கு ரிப்பன் வெட்ட முடியாது. நம் சுகாதார நிர்வாகம் இந்த இடத்தில்தான் சறுக்குகிறது.

லிமா நகரின் பழைய ஜன்னல்கள்

பெரு நாட்டின் தலைநகர் லிமா. காசநோய் கடுமையாக இருக்கும் ஊர். அங்கே 8 மருத்துவமனைகளில் காற்றோட்டத்தை அளந்த ஆய்வு 2007-ல் வெளியானது. ஜன்னல்களையும் கதவுகளையும் முழுவதுமாகத் திறந்தபோது, மணிக்கு ஏறத்தாழ 28 முறை அறையின் காற்று மாறியது. இயந்திரக் காற்றோட்டம் அமைத்து, ஜன்னல் திறக்காத நவீன அறைகளில் 12 முறை. இன்னும் உன்னிப்பாகப் பார்த்தால், 1950-க்கு முன்பு கட்டிய, கூரை உயர்ந்த, பெரிய ஜன்னல்கள் கொண்ட கட்டடங்களில் ஏறத்தாழ 40 முறை மாறியது. புதிய கட்டடங்களில் 17.

நம் ஊரின் பழைய அரசு ஆஸ்பத்திரிகளை நினைத்துப் பார்க்கலாம். ஆள் உயரத்தைப்போல் இரட்டிப்பு உயரக் கூரை, கூரைக்கு அருகே வென்டிலேட்டர், எதிரெதிர் ஜன்னல்கள், சுற்றிலும் தாழ்வாரம். நோய்த்தொற்று பற்றிய கவலை அந்தக் கட்டடங்களின் வடிவிலேயே இருந்தது. இன்று அவற்றை இடித்துவிட்டு, தாழ்ந்த ஃபால்ஸ் சீலிங்கும் திறக்காத கண்ணாடியும் ஸ்பிளிட் ஏ.சி.யும் வைத்துக் கட்டுகிறோம். ஸ்பிளிட் ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறைக்குள் இருக்கும் காற்றையே குளிரவைத்துத் திரும்பத் திரும்பச் சுற்றவிடுகிறது. நகரங்களில் உள்ள பல தனியார் குழந்தைகள் கிளினிக்குகளின் காத்திருப்பு அறை இப்படிப்பட்டதுதான். காய்ச்சல் குழந்தையும் ஊசிக்கு வந்த குழந்தையும் ஒரே சோபாவில், ஒரே காற்றில், டோக்கன் எண்ணைப் பார்த்துக்கொண்டு முக்கால் மணி நேரம்.

உலக சுகாதார நிறுவனம் புறநோயாளிப் பகுதிகளுக்குச் சொல்லும் அளவு, ஒரு நோயாளிக்கு நொடிக்கு 60 லிட்டர் வெளிக்காற்று. இயற்கைக் காற்றோட்டம் உள்ள தாழ்வாரத்தில் இதை எட்டுவது சாத்தியம். மூடிய ஏ.சி. அறையில் பேச்சுக்கே இடமில்லை.

┌ பெட்டிச் செய்தி: காற்று சுத்தமாக எவ்வளவு நேரம்?
அறையில் மிதக்கும் துகள்களில் 99 சதவீதம் வெளியேற ஆகும் நேரம், மணிக்கு எத்தனை முறை காற்று மாறுகிறது என்பதைப் பொறுத்தது.
2 முறை மாறினால்: 138 நிமிடங்கள்
6 முறை: 46 நிமிடங்கள்
12 முறை: 23 நிமிடங்கள்
உள்ளங்கை அளவுள்ள கார்பன் டை ஆக்சைடு மீட்டர் நிலவரத்தைக் காட்டிக்கொடுக்கும். வெளிக்காற்றில் சுமார் 420 பி.பி.எம். அறைக்குள் 800-ஐத் தாண்டினால், ஒருவர் விட்ட மூச்சை இன்னொருவர் இழுப்பது அதிகமாகிவிட்டது என்று பொருள். └

ஆபத்து ஊசி மேஜையில் இல்லை

2021 ஜனவரி 16 அன்று கொரோனா தடுப்பூசித் திட்டம் தொடங்கியபோது மத்திய அரசின் வழிகாட்டுதல் மூன்று அறைகள் கேட்டது. காத்திருக்க ஒன்று, ஊசி போட ஒன்று, போட்ட பிறகு 30 நிமிடம் கண்காணிக்க ஒன்று. ஓர் அமர்வுக்கு 100 பேர் என்று தொடங்கியது. அந்தத் திட்டத்தில் ஒரு நல்ல அறிவு இருந்தது. ஊசி மேஜையில் ஒருவர் இருப்பது சில நிமிடங்கள். மீதி நேரமெல்லாம் முன்னும் பின்னும் உட்கார்ந்திருப்பதுதான். மூச்சுக்காற்று சேருவது அங்கேதான்.

இதைப் புரிந்துகொண்டவர்கள் இடத்தைப் பெரிதாக்கினார்கள். இங்கிலாந்தில் சாலிஸ்பரி தேவாலயத்தின் வானளாவிய கூடத்தில் ஆர்கன் இசை ஒலிக்க ஊசி போட்டார்கள். மும்பை தாதரில் வாகன நிறுத்துமிடத்துக்குக் காரில் வந்தவர்களுக்குக் காரிலேயே போட்டார்கள். தமிழ்நாட்டில் 2021 செப்டம்பர் 12 அன்று நடந்த முதல் மெகா முகாமில் ஒரே நாளில் 28 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஊசி போட்டுக்கொண்டார்கள். பள்ளி, சமுதாயக்கூடம், அங்கன்வாடி என்று மாநிலம் முழுக்கச் சிதறிக் கிடந்த மையங்களால்தான் அது முடிந்தது.

கூட்டத்தைச் சிதறடிப்பது என்பதும் ஒரு தடுப்புச் சுவர். அதை இழந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே பழைய பாடம் இருக்கிறது. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போட்ட 4 குழந்தைகள் இறந்தன. அதிர்ந்துபோன அரசு, கிராமங்களில் போடுவதை நிறுத்தி, டாக்டர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மட்டும் போட உத்தரவிட்டது. ஒவ்வாமை வந்தால் உடனே கவனிக்க அது தேவையான ஏற்பாடு, அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் பல கிராமங்களின் கைக்குழந்தைகள் ஒரே காலையில், நோயாளிகள் நிற்கும் ஒரே கட்டடத்தில் வந்து குவிந்தார்கள். ஊசியின் பக்கவிளைவைப் பார்த்த கண், காற்றின் பக்கவிளைவைப் பார்க்கத் தவறியது.

முகக்கவசம்: யாருக்கு, எது?

ஐந்து வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகளுக்கு முகக்கவசம் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. ஆக, தடுப்பூசி அறையில் அதிகமாகக் காற்றை வெளியேற்றும் வாய்க்குக் கவசமே கிடையாது. மிச்சம் இருப்பது தாயின் முகமும் செவிலியரின் முகமும்.

கொரோனா தடுப்பூசிக்கான வழிகாட்டுதலில் ஊசி போடுபவருக்கு மருத்துவ முகக்கவசம் கேட்டது அந்த நிறுவனம். தொற்று பரவலாக இருக்கும்போது கண்ணுக்கும் பாதுகாப்பு வேண்டும் என்றது. சாதாரண அறுவைச்சிகிச்சைக் கவசம், போட்டிருப்பவரிடமிருந்து வெளியே போவதை நன்றாகக் குறைக்கும். பக்கவாட்டு இடைவெளி வழியாக உள்ளே வருவதை அவ்வளவாகத் தடுக்காது. என்-95 கவசத்தின் துணி மிக நுண்ணிய துகள்களில் குறைந்தது 95 சதவீதத்தை வடிகட்டும், முகத்தில் ஒட்டி உட்கார்ந்தால். மூக்குப் பட்டியை அழுத்திவிட்டு மூச்சை வேகமாக விட்டுப் பார்க்க வேண்டும். கண்ணாடியில் ஆவி படிந்தால், கன்னத்தில் காற்று பட்டால், அந்த 95 வெறும் எண். காதில் மாட்டும் ரகத்தைவிடத் தலைக்குப் பின்னால் இரண்டு பட்டைகள் போகும் ரகம் இறுக்கமாக உட்காரும்.

கையுறை இந்தக் கதையில் தேவையில்லாமல் நுழைந்தது. காயமில்லாத தோலில் தசை ஊசி போட வழக்கமாகக் கையுறை வேண்டாம் என்றே உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒரே ஜோடியைப் போட்டுக்கொண்டு இருபது குழந்தைகளைத் தொடுவதைவிட, ஒவ்வொரு குழந்தைக்கும் நடுவே கையைச் சுத்தம் செய்வது எவ்வளவோ மேல். கையுறைக்கு ஒதுக்கிய பணத்தில் நல்ல கவசம் வாங்கியிருக்கலாம்.

உலகின் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். அவர்கள் மாத்திரை வாங்க வருவதும் அதே சுகாதார நிலையத்துக்குத்தான். கொரோனா இல்லாத நாளிலும் செவிலியருக்குக் காற்றுவழி ஆபத்து உண்டு என்பதை இந்த ஒரு தகவலே சொல்லிவிடும். என்-95 அவருடைய ஆண்டு இன்டென்ட்டில் நிரந்தரமாக இடம்பெற வேண்டிய பொருள்.

தடுப்பு கூடினால் வரவு குறையும்

எந்தத் தடுப்பு ஏற்பாட்டுக்கும் ஒரு விலை உண்டு. நம் செவிலியர்கள் ஊசி போட்டதும் தாயிடம் நான்கு செய்திகள் சொல்லியாக வேண்டும். இன்று போட்டது என்ன, பின்விளைவு என்ன வரலாம் என்பதோடு வந்தால் என்ன செய்வது, அடுத்து எப்போது வருவது. நான்காவது, அட்டையைப் பத்திரமாக வைத்து, வரும்போது கொண்டுவருவது. இரட்டைக் கவசம், முகத்தடுப்பு, பிளாஸ்டிக் தாள் மூன்றுக்கும் பின்னாலிருந்து, குழந்தைகளின் அழுகைக்கு நடுவே, இந்த நான்கும் தாயின் காதில் விழுமா? விழாமல் போனால், இரவு காய்ச்சல் வந்ததும் பயந்துபோன குடும்பம் அடுத்த ஊசிக்கு வராது.

பயம் என்ன செய்யும் என்பதை 2020 காட்டியது. ஊரடங்கும் தொற்றுப் பயமும் சேர்ந்து, உலகில் 2.3 கோடிக் குழந்தைகள் அடிப்படைத் தடுப்பூசிகளைத் தவறவிட்டார்கள். இந்தியாவில் முத்தடுப்பு ஊசியின் முதல் தவணைகூடக் கிடைக்காத குழந்தைகள் 2019-ல் சுமார் 14 லட்சம். 2020-ல் அது 30 லட்சமானது. 2022 கடைசியில் மும்பையின் கோவண்டி குடிசைப் பகுதிகளில் தட்டம்மை பரவிக் குழந்தைகள் இறந்தபோது, நோய் தொற்றியவர்களில் பெரும்பாலோர் ஊசி போடாதவர்கள்.

அதனால்தான் தாயை மிரட்டாத தடுப்புகளுக்கு முதலிடம் தர வேண்டும். அதில் ஒன்று, அழுகையைக் குறைப்பது. உரத்த குரலில் துகள்கள் அதிகம் வெளிவரும். ஊசி போடும்போதோ அதற்குச் சற்று முன்போ தாய்ப்பால் கொடுப்பது, குழந்தையை அணைத்துப் பிடிப்பது, வலி அதிகமுள்ள ஊசியைக் கடைசியில் வைப்பது ஆகியவற்றை 2015-லேயே உலக சுகாதார நிறுவனம் வலியைக் குறைக்கப் பரிந்துரைத்தது. குழந்தைக்கு நிம்மதி, செவிலியரின் முகத்துக்கு முன்னால் காற்றும் கொஞ்சம் சுத்தம்.

ஒரு ஸ்டூலை நகர்த்தினால் போதும்

செலவில்லாத மாற்றங்களே அதிகம். செவிலியரின் முதுகுப்பக்கம் ஜன்னல் இருக்கட்டும், தாய் உட்காரும் ஸ்டூலுக்குப் பின்னால் திறந்த வாசலோ எக்ஸாஸ்ட் ஃபேனோ இருக்கட்டும். புதுக்காற்று முதலில் செவிலியரைத் தொட்டு, பிறகு குழந்தையைக் கடந்து வெளியே போகும். சீலிங் ஃபேன் மட்டும் ஓடினால் காற்று கலங்குமே தவிர வெளியேறாது. கொசுவுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்துவார்கள். வலை அடித்தால் தீர்ந்தது.

காத்திருப்பதைத் தாழ்வாரத்துக்கோ மரத்தடிப் பந்தலுக்கோ மாற்றலாம். ஊசி போடுவதையே வெளியில் வைத்தால் நிழல் கட்டாயம். பி.சி.ஜி.யும் தட்டம்மை ஊசியும் வெயிலுக்கும் வெளிச்சத்துக்கும் வீரியம் இழப்பவை. கலக்கிய குப்பியை ஐஸ் பேக்கின் நடுவில் வைத்து 4 மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும், மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும்.

கிராமவாரியாக நேரம் பிரித்துச் சொல்வதை ஆஷா பணியாளரும் அங்கன்வாடி ஊழியரும் முந்தின நாள் வீட்டுக்குப் போகும்போதே செய்யலாம். வெளிநோயாளிகள் வரிசையும் ஊசி வரிசையும் வெவ்வேறு வாசலில் நிற்கட்டும். புதிதாகக் கட்டும் துணை சுகாதார நிலையங்களின் வரைபடத்தைப் பொதுப்பணித் துறை கையில் எடுக்கும்போது, ஊசி அறையில் எதிரெதிராக இரண்டு ஜன்னல்கள் இருக்கின்றனவா என்று மாவட்ட சுகாதார அலுவலர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். கட்டி முடித்த பிறகு சுவரை உடைக்க எந்த நிதியும் வராது.

பெற்றோர் பக்கமும் ஒரு வேலை இருக்கிறது. சாதாரணச் சளிக்காகத் தடுப்பூசியைத் தள்ளிப்போட வேண்டாம். ஆனால் காய்ச்சலோடு உடம்பில் தடிப்போ விடாத இருமலோ இருந்தால், குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேராகக் காத்திருப்பு அறைக்குள் போகாதீர்கள். செவிலியரின் கைப்பேசிக்கு முதலில் ஒரு அழைப்பு. வாசலுக்கு வெளியே வந்து பார்க்கச் சொல்லுங்கள். உடன் போகும் பெரியவர்கள் கவசம் போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே போனதும் ஜன்னல் சாத்தியிருந்தால் திறந்துவிடச் சொல்லிக் கேளுங்கள்.